மறைமலை நகர் வீட்டுக்கு ஒரு டிஸ்க் பிளேயர்

போன மாதம் பெருங்களத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பில் சுகுணாவைப் பார்த்தேன். தாம்பரத்தில் நான் ஓய்வு பெற்ற அதே எலக்ட்ரானிக்ஸ் கடையில், நான் இருந்த ஹோம் தியேட்டர் பிரிவை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பந்திக்குக் காத்திருந்தபோது சொன்னாள்: "அக்கா, டிஸ்க் பிளேயர் வச்சிருந்த ஷெல்ஃப்ல இப்ப ஏர் ஃப்ரையர் வச்சாச்சு."

"நல்லா போகுதா?" என்றேன்.

"பிச்சிக்கிட்டுப் போகுது. ஆனா அப்பப்ப யாராவது வந்து நிக்கறாங்கக்கா. வீட்டுல பழைய செட்டு நல்லாத்தான் இருக்கு, பிளேயர் மட்டும் போயிடுச்சு, எதை வாங்கறதுன்னு கேக்கறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. நீங்கல்லாம் எப்படிப் பண்ணீங்கன்னு நம்ம கடை வாட்ஸ்அப் குரூப்ல எழுதிப் போடுங்களேன்."

குரூப்பில் போடுகிற அளவுக்கு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத எழுத மறைமலை நகர் ஏழுமலை சார் வீடு வந்து முன்னால் நின்றுகொண்டது. அதைச் சொல்லாமல் எந்த பிளேயரையும் பற்றிச் சொல்ல முடியாது என்று தோன்றியது. அதனால் நீண்டுவிட்டது.

நான் எஸ்தர். அப்பா குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியர். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, நானும் டீச்சராகப் போவேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கடையில் 'பெண் விற்பனையாளர் தேவை' என்று போர்டு வைத்திருந்தார்கள். ஆறு மாதம் பார்க்கலாம் என்று போனவள் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். டேப் ரெக்கார்டரில் தொடங்கி வி.சி.டி., டி.வி.டி., ப்ளூ-ரே என்று எல்லாம் என் கைவழியாக வந்து போயின. ஆரம்ப வருடங்களில் நான் கற்றது ஒன்றுதான்: பெட்டியின் முன்பக்கத்தைக் காட்டி விற்பது. வெள்ளி நிறம், நீல விளக்கு, ரிமோட்டில் நிறைய பட்டன்கள். கேட்கிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

கிருபாகரன் சார் மேனேஜராக வந்தபிறகுதான் பின்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அவர் தாழ்ந்த குரலில் பேசுவார். கடையில் எத்தனை டிவி ஓடினாலும் குரலை உயர்த்த மாட்டார். எதிரே நிற்கிறவர்தான் ஓரடி முன்னால் வந்து கேட்க வேண்டும். 'இதுதான் பெஸ்ட்' என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் யாராவது சொன்னால் முகம் சுருங்கும். வாடிக்கையாளர் வந்து, "நல்ல பிளேயரா ஒண்ணு காட்டுங்க" என்றால் அவர் ஷெல்ஃப் பக்கமே திரும்ப மாட்டார்.

"உங்க வீட்ல ஏற்கெனவே என்ன இருக்கு?"

"ஆம்ப்ளிஃபயர் இருக்கு, அஞ்சு ஸ்பீக்கர், ஒரு ஊஃபர்."

"ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால என்னென்ன ஓட்டை இருக்குன்னு பாத்திருக்கீங்களா?"

பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "வீட்டுக்குப் போயி பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. இப்ப எதுவும் வாங்காதீங்க" என்று அனுப்பிவிடுவார். கடை முதலாளிக்கு இது பிடிக்காது. வந்த ஆளைத் திருப்பி அனுப்புகிறாரே என்று எங்களிடம் குறைப்படுவார். ஆனால் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. கிருபாகரன் சார் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருந்தார்.

சிக்கலான கேஸ் என்றால் வீட்டுக்கே போவோம். ஒரு டார்ச்சும், சவரம் செய்யும்போது பார்க்கிற சின்னக் கண்ணாடியும் அவர் பையில் எப்போதும் இருக்கும். அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபயரை இழுக்காமலே, கண்ணாடியைப் பின்னால் நீட்டி டார்ச் அடித்து, அதில் தெரிகிற துளைகளைப் படிப்பார். புதுசு என்றால் எச்.டி.எம்.ஐ. இருக்கும். ஒரே ஒயரில் படமும் ஒலியும் போய்விடும். பழசு என்றால் அது இருக்காது. ஒலிக்கு மட்டும் ஆப்டிகல் என்று ஒரு சின்னச் சதுரத் துளை, அதில் சிவப்பாக வெளிச்சம் வருகிற ஒயர். அதுவும் இல்லாவிட்டால் கலர் கலராக ஆறு துளைகள், ஸ்பீக்கருக்கு ஒன்று. பிளேயர் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இந்தத் துளைக்குள் போகிற ஒயர் அந்தப் பெட்டியிலிருந்து வருமா? அதன்பிறகு அலமாரியின் ஆழம், கண்ணாடிக் கதவு இருந்தால் ரிமோட் உள்ளே எட்டுமா என்பது. கடைசியாக அந்த வீட்டில் இருக்கிற டிஸ்குகளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். என்ன மாதிரி டிஸ்க் என்று தெரியாமல் பிளேயர் சொல்ல மாட்டார்.

ஒருமுறை கோவளத்திலிருந்து தனம் என்று ஒரு அம்மா வந்தார். மீன் விற்பவர். கூடை வைத்துத் தலையில் சும்மாடு அழுந்திய இடம் தெரிந்தது. வீட்டில் ஹோம் தியேட்டர் செட் ஒன்று, மொத்தமாக ஒரே டப்பாவில் வந்தது. அதில் டிஸ்க் போடுகிற பெட்டி ரிப்பேர். திருவிழா வருகிறது, அம்மன் பாட்டு டிஸ்க் ஓட வேண்டும்.

"இன்னாம்மா, இத்தினி பெருசு கீதே, இதெ எத்துனு போனா என் ஸ்பீக்கரு எல்லாம் பாடுமா?" என்று ஒரு ப்ளூ-ரே பிளேயரைக் காட்டிக் கேட்டார்.

நான் பாடும் என்று சொல்லவில்லை. அந்த மாதிரி செட்டுகளில் ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கிற ஆம்ப்ளிஃபயரும் டிஸ்க் பெட்டிக்குள்ளேயேதான் இருக்கும். ஸ்பீக்கர் ஒயரின் முனையும் அந்தப் பெட்டிக்கு மட்டுமே பொருந்துகிற மாதிரி இருக்கும். புது பிளேயர் வாங்கினால் ஸ்பீக்கரை மாட்ட இடமே கிடையாது.

"அக்கா, உங்க பெட்டி ஆன் ஆகுதா?"

"ஆவுது. லைட்டு எரியுது. தட்டு மட்டும் வெளிய வராம பேஜார் பண்ணுது."

"ரேடியோ பாடுதா?"

"அது பாடினுதான் கீது."

அப்படியென்றால் பெட்டிக்குள் இருக்கிற ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறது. வெளியிலிருந்து ஒலி வாங்குகிற துளை இருந்தால் போதும். மறுநாள் அவர் மகனிடம் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக அந்தத் துளை இருந்தது. இருப்பதிலேயே சின்னதாக ஒரு டி.வி.டி. பிளேயரைப் பெட்டியின் தலையில் வைத்து மாட்டிக் காட்டினோம். திருவிழா முடிந்தபிறகு தனம் அக்கா ஒரு பாலித்தீன் பையில் வஞ்சிரம் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார். ஏசி ஷோரூம் முழுக்க மீன் வாசம். கிருபாகரன் சார் சைவம். மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

இனி ஏழுமலை சார்.

அவர் கடைக்கு வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற ராட்சத மெஷின்கள் இருக்கும் இடம். உயரமான மனிதர், சட்டையை நன்றாக இஸ்திரி போட்டிருந்தார். கூட மகன் பிரபு. நாவலூர்ப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை.

"வசனம் தெளிவா கேக்கற மாதிரி பிளேயரு வேணும்மா" என்றார் ஏழுமலை சார்.

பிரபு என் பக்கம் திரும்பி, "மேடம், பிரச்சினை பிளேயர்ல இல்ல. பழைய ஆம்ப், அதைத் தூக்கிப் போட்டுட்டு, டிவிக்குக் கீழ நீளமா வைக்கற சவுண்ட்பார் ஒண்ணு வாங்கிடலாம்னு சொல்றேன். கேக்க மாட்டேங்கறாரு" என்றான்.

அவர் மகனைப் பார்த்தார். "ஆம்ப்பு இருக்கட்டும்."

"அப்பா, இப்ப யாரு டிஸ்க் பாக்கறா? எல்லாம் டிவிலயே வருது."

"நான் பாக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அதன்பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்ற விதத்தில், வீட்டில் இது பலமுறை நடந்த பேச்சு என்று தெரிந்தது. கிருபாகரன் சார் வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஏழுமலை சார் எல்லாவற்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னார். ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் அவரே ஒவ்வொன்றாகச் சேர்த்தது. டிவி மட்டும் மகன் வாங்கிக் கொடுத்தது. முன்பு பெட்டி மாதிரி பழைய பிக்சர் டியூப் டிவி, குழாய் டிவி இருந்தது. இந்தப் பெரிய தட்டை டிவி வந்ததிலிருந்துதான் வசனம் புரியவில்லை. பிறகு பழைய பிளேயரும் நின்றுபோனது.

"டிவி மாத்தினா வசனம் எப்படிப்பா புரியாமப் போகும்? சத்தம் ஆம்ப்லேர்ந்துதானே வருது?" என்றான் பிரபு, ஷோரூமில் ஓடிய டிவிகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. ஏழுமலை சார் அதற்குப் பதில் சொல்லவில்லை.

நியாயமான கேள்வி. கிருபாகரன் சார், "வீட்டுக்கு வந்து பாக்கறோம் சார்" என்றார்.

அடுத்த வாரம் கடையில் டெமோவுக்கு வைத்திருந்த ஒரு பிளேயரை எடுத்துக்கொண்டு போனோம். மாடியில் தனி அறை. ஜன்னலுக்குக் கெட்டியான திரை, சுவரோரம் பழைய சோபா. பின் ஸ்பீக்கர்களுக்கான இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டும் ஏழுமலை சார் தானே வெல்டிங் அடித்தவை. சுவர் ஓரமாக ஒயரைக் கொண்டுபோயிருந்த நேர்த்தியைப் பார்த்து, கிருபாகரன் சார் ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழுமலை சாரின் மனைவி கஸ்தூரி அம்மா வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட்டதும் ரெண்டு பேரும் இங்கதாம்மா உக்காருவோம்" என்று என்னிடம் சொன்னார். "இப்பல்லாம் நான் வர்றதில்ல. படம் ஓடும்போதே, என்ன சொன்னான், என்ன சொன்னான்னு கேட்டுக்கினே இருப்பாரு. நான் சொல்றதுக்குள்ள அடுத்தது போயிடும். அவருக்குக் கோவம் வரும். அப்புறம் எனக்கும் வரும். இப்ப சாப்பாட்டுத் தட்டைக்கூட மேல எடுத்துட்டு வந்து தனியா சாப்பிடறாரு."

கிருபாகரன் சார் டார்ச்சையும் கண்ணாடியையும் எடுத்தார். ஆம்ப்ளிஃபயரில் எச்.டி.எம்.ஐ. கிடையாது. ஆப்டிகல் துளை ஒன்று. எனவே பிளேயரிலிருந்து படம் ஒரு ஒயரில் டிவிக்கும், ஒலி இன்னொரு ஒயரில் ஆம்ப்ளிஃபயருக்கும் போக வேண்டும். அப்படியே மாட்டி, ஏழுமலை சாரிடமிருந்த ஒரு படத்தைப் போட்டோம். எனக்கு வசனம் தெளிவாகக் கேட்டது. பிரபுவுக்கும் கேட்டது. ஏழுமலை சார் முன்னால் சாய்ந்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒட்டலை" என்றார்.

"என்ன சார் ஒட்டலை?"

"தெரியல. பேசறது ஒட்டலை."

ஒலியைக் கூட்டினோம். நடு ஸ்பீக்கரை மட்டும் தனியாகக் கூட்டினோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிரபு வெளியே போய் மொட்டைமாடியில் நின்றுகொண்டான். கிருபாகரன் சார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, டிவியில் கேபிள் செய்தியைப் போட்டார், டிவியின் சொந்த ஸ்பீக்கரிலேயே. தகர டப்பாவிலிருந்து வருவது போன்ற ஒலி, அதுவும் குறைவாக. ஏழுமலை சார் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இது புரியுதா சார்?"

"புரியுதே. செம்பரம்பாக்கம் ஏரியில தண்ணி எவ்ளோன்னு சொல்லுது அந்தப் பொண்ணு."

நல்ல ஸ்பீக்கரில் புரியாதது மட்டமான ஸ்பீக்கரில் எப்படிப் புரிகிறது? கிருபாகரன் சார் என்னைப் பார்த்தார். நான் ஒயர்களைச் சரிபார்க்கலாம் என்று அலமாரிக்குப் பின்னால் குனிந்தேன். அங்கிருந்தபடியே கேட்டேன்: "சார், இந்தக் கறுப்பு ஒயர் எங்க போகுது?"

பதில் வரவில்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். அதற்கும் இல்லை. கஸ்தூரி அம்மாதான் வாசலிலிருந்து, "அது ஊஃபருக்கும்மா" என்றார். நான் தலையைத் தூக்கினேன். ஏழுமலை சார் அமைதியாக டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏதாவது வேணுமாம்மா?" என்று அன்பாகக் கேட்டார்.

அப்போது எனக்குப் புரிந்தது. கடையில் என்னோடும் கிருபாகரன் சாரோடும் பேசும்போதெல்லாம் அவர் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசியபோது பதில் சொல்லவில்லை. அதை நான் கோபம் என்று நினைத்திருந்தேன். அவர் காதால் மட்டும் கேட்கவில்லை. பாதியை உதட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

டிவிக்குள் நடப்பது இதுதான். குழாய் டிவி, வந்த படத்தை அப்படியே காட்டிவிடும். தட்டை டிவி வந்த படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். அதற்குக் கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. ஆனால் அதற்குள் ஒலி தனி ஒயரில் ஆம்ப்ளிஃபயருக்குப் போய், ஸ்பீக்கரில் வந்துவிடுகிறது. குரல் முன்னே, உதடு பின்னே. நம்மைப் போன்றவர்களுக்கு இது தெரியவே தெரியாது. உதட்டையும் குரலையும் சேர்த்துப் பிடித்துத்தான் ஒரு வார்த்தையைக் கண்டுபிடிக்கிறவருக்கு, இரண்டும் இரண்டு பக்கம் இழுக்கும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் போட்டால், டிவியே ஒலியையும் நிறுத்திவைத்துப் படத்தோடு சேர்த்து விடுகிறது. அதனால்தான் செய்தி புரிந்தது.

இதை நான் மாடிப்படியில் வைத்து கிருபாகரன் சாரிடம் மெல்லச் சொன்னேன். அவர் தலையசைத்தார். அவரும் அதே இடத்துக்குத்தான் வந்திருந்தார்.

"டிலே வச்ச பிளேயர் குடுத்துடலாம் சார். காரணம் சொல்ல வேணாம்" என்றேன். ஒலியைக் கொஞ்சம் பிடித்துவைத்து அனுப்புகிற வசதி சில பிளேயர்களில் உண்டு. அதைத்தான் டிலே என்போம். "வசனம் சரியாயிடும். அவருக்குச் சங்கடமும் இருக்காது."

அவர் கைப்பிடிச் சுவரைத் தடவினார். "படம் சரியாயிடும் எஸ்தர். அந்தப் பையன் அப்பா மேல வச்சிருக்கற வருத்தம் சரியாகாது. அவரு வேணும்னே பதில் சொல்றதில்லன்னு அவன் நெனச்சிட்டிருக்கான்."

"நாம யாரு சார் இதெல்லாம் சொல்றதுக்கு?"

"அதான் யோசிக்கிறேன்."

யோசித்தார். பிறகு உள்ளே போய், ஏழுமலை சாருக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாடிக்கையாளர் முன் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். டிவியை அணைத்தார். நான் கிளம்பப் போனேன். இருக்கும்படி கையைக் காட்டினார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க."

"பிரஸ் ஷாப்புல மெஷின் ஓடும்போது எப்படிப் பேசிப்பீங்க?"

ஏழுமலை சார் சிரித்தார். "காதுல எங்க விழும்? வாயைப் பாத்துத்தான். அங்கேர்ந்து ஒருத்தன் டீ வேணுமான்னு கேட்டா, இங்கேர்ந்து வேணாம்பேன். சத்தமே வராது. புதுசா வர்றவனுக்குக் கொஞ்ச நாள் ஆகும். அப்புறம் அவனுக்கும் வந்துடும்."

"இப்பவும் அப்படித்தான் பாக்கறீங்களா சார்?"

அவர் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. மெதுவாகத்தான் போனது. கிருபாகரன் சாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன். கண்ணைத் தாழ்த்தித் தரையைப் பார்த்தார்.

"இப்ப எதனா சொல்லுங்க" என்றார், தரையைப் பார்த்தபடியே.

கிருபாகரன் சார் தம் வழக்கமான தாழ்ந்த குரலில், "உங்க ஒயரிங் ரொம்ப அழகா இருக்கு சார்" என்றார்.

ஏழுமலை சார் தலையைத் தூக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தார். இவர் இன்னும் பேசவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் கஸ்தூரி அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் பிரபு எப்போது வந்து நின்றான் என்று எனக்குத் தெரியாது. அவன் எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். உள்ளே வந்து அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். அவர் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "அப்பா" என்றான்.

"காது நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்டா" என்றார் அவர். "நீங்கல்லாம்தான் முணுமுணுன்னு பேசறீங்கன்னு நெனச்சேன்."

நாங்கள் இருவரும் ஒயரைச் சுருட்டுவதாகச் சொல்லி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

காதுக்கு டாக்டரைப் பார்ப்பது அவர்கள் வீட்டு விஷயம். பிளேயர் எங்கள் விஷயம். மறுநாள் காலையில் கடை திறந்ததும் அதில் இறங்கினோம். முதலில் டிவியிலேயே மெருகேற்றலை எல்லாம் அணைத்துவிடலாமா என்று பார்த்தோம். பிரபு வீட்டில் செய்து பார்த்து போன் செய்தான். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அப்பா இன்னும் ஒட்டலை என்கிறார். டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பினால் உதடும் குரலும் சேர்ந்துவிடும்தான். ஆனால் அந்த டிவி இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலியை மட்டுமே வெளியே விட்டது. அவர் ஸ்டாண்டு செய்து நிறுத்திய பின் ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும். அதைக் கேட்டதும் பிரபுவே, "அது வேணாம் மேடம்" என்றான். சவுண்ட்பார் பேச்சை அவன் அதன்பிறகு எடுக்கவே இல்லை.

ஆக, டிலே உள்ள பிளேயர்தான். பெட்டியில் 'டிலே வசதி உண்டு' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. கிருபாகரன் சார் கடையின் டெமோ அறையில் அதே மாதிரி ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வைத்து, ஆப்டிகல் ஒயரில் மாட்டி, ஒவ்வொரு பிளேயராகப் பரிசோதித்தார். கல்யாண வீடியோ எடுக்கும் நண்பர் ஒருவரிடம் சொல்லி, ஓர் ஆள் நின்று கைதட்டுவதை மட்டும் டிஸ்கில் பதிந்து வைத்திருந்தார். கை சேர்வதும் சத்தம் வருவதும் எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதற்கு. ஒரு பிளேயரில் டிலே எச்.டி.எம்.ஐ.யில் மட்டும் வேலை செய்தது, ஆப்டிகலில் செய்யவில்லை. இன்னொன்றிலும் அதே கதை. அதிக விலை மாடலில் ஆப்டிகல் துளையே இல்லை. கடைசியில் உற்பத்தி நின்றுபோன ஒரு மாடல், மேல் மூடியில் கீறலோடு, கோடவுனில் கிடந்தது. அதில் டிலே ஆப்டிகலிலும் வேலை செய்தது. சப்டைட்டிலைப் பெரிதாக்கவும், மேலே கீழே நகர்த்தவும்கூட முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சர்ச் உண்டு. ஆராதனை முடிந்து நேராக மறைமலை நகருக்குப் போனேன். கிருபாகரன் சார் எனக்கு முன்பே வந்து மாட்டிக்கொண்டிருந்தார். கைதட்டும் டிஸ்கைப் போட்டுப் பார்த்தோம். டிலேயை ஒவ்வொரு படியாகக் கூட்டினோம். ஓர் இடத்துக்கு மேல் எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தது. பிரபுவும் கண்ணைக் கசக்கிக்கொண்டான். கிருபாகரன் சாரே கையை விரித்துவிட்டார்.

"இனிமே எங்களால முடியாது சார். நீங்கதான் சொல்லணும்" என்று ரிமோட்டை ஏழுமலை சார் கையில் கொடுத்தார்.

ஏழுமலை சார் கைதட்டும் டிஸ்கை எடுத்துவிட்டு, தன் படத்தைப் போடச் சொன்னார். அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற காட்சி. ஒரு படி கூட்டினார். இன்னொரு படி. "தாண்டிப் போச்சு" என்று ஒரு படி குறைத்தார். முன்னால் சாய்ந்திருந்த முதுகு மெல்லப் பின்னுக்குப் போய் சோபாவில் படிந்தது.

"இப்ப ஒட்டிடுச்சு" என்றார்.

அந்தப் படிக்கும் அதற்கு முந்தைய படிக்கும் வித்தியாசம் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஏழுமலை சாரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, கிருபாகரன் சார் வேண்டுமென்றே அதை மாற்றினார். கண்ணைத் திறந்ததும், "மாத்திட்டீங்க" என்றார். மறுபடியும் மாற்றினார். மறுபடியும் கண்டுபிடித்தார். பிரபு வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். கஸ்தூரி அம்மா உள்ளே வந்து சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்து, "முதல்லேர்ந்து போடுங்க" என்றார். நாங்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பினோம்.

காதுக்கு மெஷின் போட்டுக்கொள்ள அவர் சீக்கிரம் சம்மதிக்கவில்லை. கிழவன் மாதிரி இருக்கும் என்றாராம். பிரபுதான் விடாமல் கூட்டிக்கொண்டு போய்ப் பரிசோதனை செய்து, குரோம்பேட்டையில் ஓரிடத்தில் போட்டுவிட்டான். இதெல்லாம் பிறகு கஸ்தூரி அம்மா கடைக்கு போன் செய்து சொன்னது. மெஷின் போட்ட முதல் நாள் மின்விசிறி இவ்வளவு சத்தம் போடுமா என்று கேட்டாராம். காதில் மெஷின் வந்தபிறகும் பிளேயரின் டிலேயை மாற்ற விடவில்லையாம். உதட்டைப் பார்க்கிற பழக்கம் போகவில்லை, போக வேண்டியதும் இல்லை.

"ஞாயித்துக்கிழமை படம் பாக்கறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பாக்கறோம். பிரபுவும் சில நாள் வந்து உக்காந்துக்கறான்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "எனக்குத்தான் ஒரு பிரச்சினை எஸ்தரு. மெதுவாப் பேச வர மாட்டேங்குது. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவருகிட்ட கத்திக் கத்தியே பழகிட்டேன். கத்தறேன்னே தெரியாமக் கத்தியிருக்கேன். நேத்து படம் ஓடும்போது ஏதோ சொன்னேன். அவரு என் கையைப் புடிச்சி, 'பக்கத்துலதானே கீறேன், மெதுவா சொல்லு, கேக்குது'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்த சொல்றது? சொல்ல வந்ததே மறந்துபோச்சு. எழுந்து அடுப்பங்கரைக்குப் போயிட்டேன்மா, அவரு என் மொகத்தைப் பாத்துடக் கூடாதுன்னு."